பேகனின் போர்வையும் பல்லியின் பெட்டியும்



பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதையைத் தமிழ்ப்பள்ளியில் கேட்காதவர்கள் நம்மில் குறைவு. கடையெழு வள்ளல்களில் ஒருவர். நம் முருகன் குடிகொண்ட பழனி மலைப் பக்கத்தை ஆண்டவர். மயில் அகவுவதைப் பார்த்து, ஐயோ குளிரில் நடுங்குதே என்று தன் போர்வையையே போர்த்திவிட்டார். மயிலுக்குத்தான் இறகு இருக்கே, போர்வை எதுக்கு? இப்படிப் பின்முன் யோசிக்காமல் கொடுப்பதற்குக் ‘கொடைமடம்’ என்று நம் முன்னோர் ஒரு பெயரே வைத்தார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னார்கள்.

என் கேள்வி இதுதான். ஓர் உயிர்மேல் இரக்கம் இருந்தால் மட்டும் போதுமா? அந்த உயிரைப் பற்றித் தெரிந்துகொள்வதும் நம் தர்மத்தில் சேருமா?

இந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டது ஒரு பல்லி. நம் வயதுக்காரர்கள் சிலர் இப்போது வீட்டில் ‘லெப்பர்ட் கெக்கோ’ வளர்க்கிறார்கள். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கத்து வறண்ட நிலத்துப் பல்லி அது. என் வகுப்புத் தோழர் ஒருவர் விடுமுறைக்கு கேமரன் மலைக்குப் போகும்போது தன்னுடையதையும் கூட்டிப் போக நினைத்தார். “அங்க குளிருமே, ஒரு டவல்ல சுத்தி வெச்சா போதாதா?” என்று கேட்டார். பாசத்தில் கேட்ட கேள்விதான். பேகனும் அப்படித்தானே நினைத்தார்?

போர்வை வெப்பத்தை உண்டாக்காது. உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட மனித உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. அதனால் நமக்குப் போர்வை வேலை செய்கிறது. மயிலுக்கும் ஓரளவு செய்யும். பல்லியின் உடம்போ தனக்கென்று வெப்பத்தை ஏறக்குறைய உண்டாக்குவதே இல்லை. டவலில் சுற்றினாலும், கொஞ்சம் தாமதமாக, அது சுற்றியுள்ள குளிருக்கே வந்து சேரும். டானா ரத்தா சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ராத்திரியில் வெப்பநிலை 15 பாகையை ஒட்டி இறங்கிவிடும். அந்தக் குளிரில் பல்லிக்குச் செரிமானம் நின்றுவிடும், தின்ற பூச்சி வயிற்றிலேயே கெட்டுப்போகலாம்.

சரி, அப்போ சூடான பெட்டி ஒன்று செய்யலாமே? செய்யலாம், கஷ்டமே இல்லை. மீன் கடையில் கிடைக்கும் வெள்ளை நுரைப் பெட்டி, அதற்குள் காற்றோட்டத் துளை போட்ட சின்னப் பிளாஸ்டிக் டப்பா, பக்கத்தில் துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தல். அரை லிட்டர் நீர் 40 பாகையிலிருந்து 30 பாகைக்கு ஆறும்போது 21 கிலோஜூல் வெப்பம் தரும். பெட்டி 2 வாட் அளவில் வெப்பத்தை இழக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 3 மணி நேரம் தாங்கும். ஜார்ஜ்டவுனிலிருந்து கேமரன் மலைக்குக் காரில் சுமார் 4 மணி நேரம். வழியில் ஒரு தடவை வெந்நீர் மாற்றினால் போதும்.

ஆனால் போத்தலை ஒரு பக்கம் மட்டும்தான் வைக்க வேண்டும். ஏன்? காட்டில் பல்லி சூடு வேண்டுமானால் வெயில் பட்ட பாறைக்குப் போகும், போதுமென்றால் நிழலுக்கு நகரும். அதன் வாழ்க்கையே இந்த நகர்வில்தான் இருக்கிறது. அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் கூட்டின் ஒரு பக்கத்தை 32 பாகையிலும், மறு பக்கத்தை 25 பாகையிலும் வைக்கிறார்கள். பெட்டி முழுக்கச் சூடாக்கினால் அது தப்பிக்க இடமில்லாத அடுப்பு. நம் ஊர் வெயிலில் நிறுத்திய காரில் விட்டுப் போனால் இன்னும் மோசம். அரை மணி நேரத்திலேயே உள்ளே வெளியைவிட 15 பாகைக்கு மேல் ஏறிவிடும்.

இதிலிருந்து எனக்குப் புரிவது ஒன்று. நாம் கொடுக்கும் சூட்டைவிட, வேண்டாமென்றால் விலகிப் போக நாம் விட்டுவைக்கும் இடம் முக்கியம். “வீட்ல ஓடுற சிச்சாக்குக்கு யாரு பெட்டி செய்றா?” என்று கேட்கலாம். சுவரில் ஓடும் சிச்சாக் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். கூட்டில் இருப்பதற்கு அந்த வழியை அடைத்தது நாம். வழியை அடைத்தவருக்குத்தான் அதைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொள்ளும் கடமையும் வருகிறது. நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும், வளர்க்கும் விலங்குக்குப் பொருத்தமான சூழலும் அதன் இயல்புப்படி நடந்துகொள்ள வழியும் தர வேண்டும் என்கிறது.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி. இந்தப் பயணம் யாருக்காக?

2010 ஆகஸ்டில் பினாங்கிலிருந்து ஜகார்த்தாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெட்டி கேஎல்ஐஏ விமான நிலையத்தில் பிய்ந்துகொண்டது. உள்ளே 95 போவா பாம்புகள். கொண்டுபோனவர் பினாங்கைச் சேர்ந்த வனவிலங்கு வியாபாரி ஆன்சன் வோங். முதலில் 6 மாதச் சிறையும் 190,000 ரிங்கிட் அபராதமும் விதித்தார்கள். மேல்முறையீட்டில் சிறைத்தண்டனை கூடியது, பிறகு குறைந்தது. அவர் செய்தது கடத்தல், நாம் செய்வது செல்லம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனாலும் அந்தப் பாம்புகளை யாரும் கேட்கவில்லை, நம் பல்லியையும் கேட்கவில்லை. டாக்டரிடம் கொண்டுபோவது, வீடு மாறுவது என்றால் அந்தப் பயணம் அதற்கும் சேர்த்துத்தான். ஸ்ட்ராபெரி தோட்டத்தில் படம் எடுப்பது நமக்காக மட்டும்தான்.

நல்ல கொழுத்த வால் உள்ள வளர்ந்த லெப்பர்ட் கெக்கோ சில நாள் சாப்பிடாமலே இருக்கும். கொழுப்பை வாலில் சேர்த்து வைத்திருக்கும் பல்லி அது. தண்ணீர் வைத்து, கூட்டின் சூட்டைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் இருந்தால், வார இறுதி முழுக்க அது நம்மைத் தேடாது. “என்னை விட்டு இருக்காதுடா” என்று தோழர் சொன்னார். யார் யாரை விட்டு இருக்க மாட்டார்கள் என்பதை நேர்மையாகக் கேட்டுப் பார்ப்பதுதான் இங்கே கஷ்டம். கடைசியில் பல்லி தம்பியின் பொறுப்பில் வீட்டிலேயே இருந்தது.

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கும்பிடுகிறோம். உயிருள்ள பல்லிக்கு அந்த மரியாதையில் ஒரு பங்காவது போய்ச் சேர வேண்டாமா? பேகனின் மனசு நமக்கும் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பேகனிடம் வெப்பமானி இல்லை. நம்மிடம் இருக்கிறது. போர்வையை எடுப்பதற்கு முன்னால் அதை ஒரு தடவை பார்ப்போம்.