கதவடைப்பும் கடைக்காரன் கடமையும்

 

எல்லையில் ஒரு சரக்கு நிறுத்தப்பட்டுவிட்டால் நம்மவர் வாயில் முதலில் வருவது, "எல்லாம் அரசியல்!" என்ற சொல்தான். அரசாங்கமோ, "மக்கள் சுகாதாரம்" என்கிறது. இவற்றில் எது மெய்? அரசியல் கலந்த உத்தரவுக்கு ஈமானுள்ள வியாபாரி எவ்வளவு தூரம் கட்டுப்பட்டவன்? இதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

நோய்க்கு அஞ்சி எல்லையை அடைப்பது நம் மார்க்கத்திற்குப் புதிதன்று. ஹிஜ்ரி 18-ஐ ஒட்டிய காலத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசம் நோக்கிப் புறப்பட்டார்கள். ஸர்க் என்னுமிடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பது தெரிய வந்தது. ஆலோசனை கேட்டார்கள்; தோழர்களிடையே கருத்து பிளந்தது. முடிவில் திரும்பிவிடத் தீர்மானித்தார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், இருக்கும் ஊரில் அது கண்டால் தப்பி ஓடவும் வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை அங்கே எடுத்துச் சொன்னவர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள். அவர்கள் யார்? பெரும் வணிகர்! ஊர் ஊராய்ச் சரக்கு செல்வதால் பிழைக்கும் ஒருவரே, வழியை அடைக்கும் நெறிக்குச் சாட்சி சொன்னார்.

ஆனால் எல்லா அரசுகளும் உமர் (ரலி) அவர்களின் அரசாகிவிடுமா? 1884-ல் ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக், கல்கத்தாவில் ஆராய்ந்து காலராவுக்குக் காரணமான கிருமியை அறிவித்தார். கிருமி பரவும் என்று ஒப்புக்கொண்டால் சூயஸ் கால்வாய் வழியே செல்லும் கப்பல்கள் முடங்குமே என்ற கவலை பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு. தானே ஒரு குழுவை அனுப்பி, அந்த முடிவை மறுக்க வைத்தது. அதே காலத்தில் கடல் வழியே ஹஜ்ஜுக்குச் சென்ற யாத்திரிகர்கள் செங்கடலின் கமரான் தீவில் தடுத்து வைக்கப்பட்டார்கள். ஏழை ஹாஜிக்குத் தடுப்பு முகாம். பெரிய கப்பலுக்குத் தர்க்கம்!

நம் சிங்கப்பூரையே பாருங்கள். 1992-ல் பொதுத் துப்புரவுக்காகச் சூயிங்கம் தடை செய்யப்பட்டது. அமெரிக்காவோடு செய்த தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் 2004-ல் அமலானது. அதையொட்டி, மருத்துவப் பயனுள்ள சூயிங்கம் மட்டும் மருந்தாளர் வழியே விற்க இடம் கிடைத்தது. 2020 மார்ச் 18 முதல் ஜோகூர் கடற்பாலத்தில் மனிதர் போக்குவரத்து நின்றது. சரக்கு லாரிகளோ ஓடின. இவற்றில் குற்றம் காண வரவில்லை. எதை அடைப்பது, எதைத் திறப்பது என்பதை மருத்துவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. பேரம் பேசும் வலிமையும் நாட்டின் தேவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்பதே நான் சொல்ல வந்தது.

நிற்க. நம் கடைகளைத் தொட்ட விஷயத்துக்கு வருவோம். 2024 ஏப்ரலில், ஹாங்காங் எச்சரித்ததைத் தொடர்ந்து, சிங்கப்பூர் உணவு அமைப்பு எவரெஸ்ட் மீன் குழம்பு மசாலாவைத் திரும்பப் பெற உத்தரவிட்டது. எத்திலீன் ஆக்ஸைடு என்னும் இரசாயனம் அனுமதித்த அளவை மீறியிருந்தது காரணம். சிறிதளவு உட்கொண்டால் உடனடி ஆபத்தில்லை. நெடுங்காலம் உட்கொண்டால் கேடு என்றும் விளக்கினார்கள். கிருமியைக் கொல்ல மசாலாவுக்கு அதைக் காட்டுவதுண்டு. அமெரிக்காவில் அதன் மிச்சத்துக்கு ஓர் அளவு வரை இடமுண்டு. ஐரோப்பிய ஒன்றியம் அப்படிக் காட்டுவதையே அனுமதிப்பதில்லை. "ஓரிடத்தில் உணவு, இன்னோரிடத்தில் நஞ்சா?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

ஆனால் அந்தக் கேள்வியோடு கடமை தீர்ந்ததா? அங்கேதான் சைத்தான் வேலை செய்கிறான். "உத்தரவு இன்று வந்தது, சரக்கு சென்ற மாதமே வந்தது, இருப்பதை விற்றுத் தீர்ப்போம்" என்கிறது ஒரு மனம். "உத்தரவில் ஒரு பொட்டலத்தின் பெயர்தானே உள்ளது, மூட்டையில் வந்த பொடியைப் பற்றி யாரும் கேட்கவில்லையே" என்கிறது இன்னொரு மனம். செங்காங்கில் பிள்ளைகளுக்குச் சமைக்கும் தாய்க்கு இந்த அரசியல் எதுவும் தெரியாது, சோதனைக்கூடமும் இல்லை. அவள் நம்பியது நம்மை. தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வினவி, ஏமாற்றுபவன் தம்மைச் சேர்ந்தவனல்லன் என்று கண்டித்தார்கள். அந்தக் கடைக்காரரிடம் அதற்குமுன் எந்த அதிகாரியும் வந்து கேட்கவில்லை!

ஆகவே இரண்டையும் பிரித்து வைப்போம். உத்தரவில் அரசியல் கலந்திருந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆள்வோர். பெரிய இறக்குமதியாளருக்கும் சிறிய கடைக்கும் ஒரே அளவுகோலா, சோதனை முடிவு வெளிப்படையா, திருப்பிய சரக்குக்கு ஈடு தருவது யார் என்று சங்கத்தின் வாயிலாக மரியாதையோடு கேட்பது நம் உரிமை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் உண்பவனின் உடல் நம் கையில் உள்ள அமானிதம். அதைக் காக்க, அரசாங்கத்தின் எண்ணம் தூயதாகும் வரை நாம் காத்திருக்க முடியாது. சந்தேகமான மூட்டையை ஒதுக்கி வையுங்கள். சோதனைச் சீட்டுக் கேட்டுக் கொள்முதல் செய்யுங்கள். நட்டம் வரலாம், பரக்கத் குறையாது.

ஹலாலான ரிஸ்கையும் நேர்மையான ஆட்சியையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.