பச்சைப் புள்ளியும் கொல்லாமையும்

பிஸ்கோத்துப் பொட்டலத்தின் பச்சைப் புள்ளியைக் கண்டு திருப்தியுறும் மரக்கறி விரதியர், பின்புறத்துப் பொடியெழுத்தில் 'எமல்சிஃபையர் 471' என்றிருப்பதைப் பெரும்பாலும் படிப்பதில்லை. எண்ணெயையும் நீரையும் பிரியாது பிணைத்து, ரொட்டியைச் சில நாள் மிருதுவாக வைத்திருக்கும் அவ்வஸ்து, மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரலாம், பாமாயிலிலிருந்தும் வரலாம். எண் என்னவோ ஒன்றுதான். ஆகவே அப்புள்ளி இல்லையேல் விரதம் காப்பது துர்லபம். அப்புள்ளியைப் பெறத் தக்கதாவதே தாவர மூலத்தின் பெரும் அனுகூலம்.

ஆயினும், போர்னியோவிலும் சுமத்ராவிலும் மழைக்காடுகளை அழித்துப் பாமாயிலுக்காகச் செம்பனை நட்ட இடங்களில் ஒராங்குட்டான்கள் இருப்பிடமிழந்து மாண்டதை எண்ணுகையில், ஊன் கலவாத பொருள் ஹிம்சை கலவாத பொருளாகிவிடுமா என்ற சந்தேகம் எழாமற் போவதில்லை. வள்ளுவர் புலான்மறுத்தலை 26ஆம் அதிகாரத்திலும் கொல்லாமையை 33ஆம் அதிகாரத்திலும் வேறாகவே வைத்தார். எனினும், வாங்குவோர் இருப்பதாலேயே விற்போர் உளர் என்று முன்னதில் அவர் தொடுக்கும் வாதம், கசாப்புக் கடைக்கு மட்டுமே பொருந்தும், செம்பனைத் தோட்டத்துக்குப் பொருந்தாது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

செம்பனையை விலக்கிச் சோயாவை நாடலாமே என்பாருமுளர். ஆனால் அதே அளவு எண்ணெய்க்குச் சோயா பன்மடங்கு நிலம் கேட்கும், அந்நிலமும் எங்கேனும் காடழித்தே கிடைக்கக்கூடும்.