ஒரு கைப்பிடி

சாப்பிடும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி கொடு என்கிறார் திருமூலர். நாம் தினமும்தானே சாப்பிடுகிறோம்? அப்போ கொடுப்பதும் வருஷத்துக்கு ஒரு தடவை இல்லை.

1930இல் சென்னையில், தேவதாசி முறையை விட்டு வெளியேறிய பெண்கள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். வேறெங்கும் இடம் கிடைக்கவில்லை. தம் வீட்டிலேயே தங்க வைத்தார். அதுதான் பிறகு ஔவை இல்லம் ஆனது. கதவைத் திறக்க ஒரு நொடி போதும். அப்புறம் சாப்பாடு, துணிமணி, படிப்பு? அதெல்லாம் மாதா மாதம் வருகிற செலவு.

இங்கேயும் அப்படித்தான். ஆள்கடத்தலிலிருந்து பெண்களை மீட்டால் பத்திரிகையில் படம் வரும். அந்தப் பெண் பயமில்லாமல் தூங்க எத்தனை மாதம் ஆகும் என்று யாரும் எழுதுவதில்லை. தெனாகானித்தா போன்ற அமைப்புகளின் காப்பகங்கள் அந்த மாதங்களுக்காகத்தான்.

தைப்பூசத்துக்கு நம்ம செமோர் பிள்ளைகள் அள்ளிக் கொடுப்போம். தப்பே இல்லை. ஆனால் மாசியிலும் அங்கே உலை கொதிக்கணுமே! நானும் கல்விக் கடனில் படிக்கிறவன்தான். மாதம் பத்து வெள்ளி, கணக்கிலிருந்து தானாகவே போகும்படி செய்துவிட்டேன். சில தே தாரிக் குறையும், அவ்வளவுதான். அடுத்த திருமுறை வகுப்புக்கு வரும்போது கைப்பேசியைக் கொண்டு வாருங்கள், சேர்ந்தே செய்வோம்.