ஒத்திகை யாருக்கு?

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று இலங்கையில் குண்டுகள் வெடித்தபோது பாடசாலைகளுக்கு விடுமுறை. மறுநாள் தொடங்கவிருந்த இரண்டாம் தவணை தள்ளிப்போனது. மே 6 இல் தரம் 6 முதல் மேல் வகுப்புகளும் ஒரு வாரம் கழித்து ஆரம்பப் பிரிவும் திறக்கப்பட்டபோது வரவு மிகக் குறைவு. நாடெங்கும் போலவே மாத்தளை மாவட்டத்திலும் புத்தகப் பைகள் வாசலில் திறந்து பார்க்கப்பட்டன. சோற்றுப் பெட்டியின் மூடியைக் கழற்றிக் காட்டிவிட்டு உள்ளே போன பிள்ளைகளில் சிலர் இன்று உயர்தர வகுப்புகளில் இருக்கிறார்கள், சிலர் வேலைக்கும் போய்விட்டார்கள். பயம் வடிந்தது, சோதனையும் நின்றது. ஆயுதத்தோடு ஒருவன் பாடசாலைக்குள் புகுந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு மட்டும் அந்த அவசரத்தில் யாரும் பதில் தேடவில்லை.

அமெரிக்காவைப் போல மாணவனே துப்பாக்கியோடு வந்து வகுப்பைச் சுடும் வழக்கம் இங்கே இல்லை. அதற்காக நம் பிள்ளைகளுக்குப் பாடசாலை எப்போதும் காவலாக இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. 1995 செப்டம்பர் 22 இல் வடமராட்சி நாகர்கோவில் மகா வித்தியாலயத்துப் பிள்ளைகள் விமானக் குண்டுவீச்சில் மாண்டார்கள். துவக்கு கிடைக்காத நாடும் இல்லை இது. மாத்தளையின் காட்டோரக் கிராமங்களில் பன்றிக்கென்று வைக்கும் கட்டுத்துவக்கு மனிதரையும் வீழ்த்துகிறது. 2025 பெப்ரவரியில் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள் சட்டத்தரணி வேடத்தில் வந்தவர், உள்ளே குடைந்த புத்தகத்தில் மறைத்துக் கொண்டுவரப்பட்ட துப்பாக்கியால் ஒருவரைச் சுட்டுக் கொன்றார். நீதிமன்றத்துக்கே இந்தக் கதி என்றால் தோட்டப் பாடசாலையின் படலை எம்மாத்திரம்? ஆகவே ஆயத்தம் தேவையா என்று வாதிடுவதில் பயனில்லை. அந்த ஆயத்தத்தின் பாரத்தை யார் தலையில் வைப்பது என்பதுதான் அறக்கேள்வி.

அமெரிக்கா வைத்திருக்கும் பதிலில் பாதிப் பாரம் பிள்ளை மீது விழுகிறது. ஓடு, ஒளி, வேறு வழியில்லாவிட்டால் எதிர்த்து நில் என்பது அங்கே பரவிய பாடம். சில இடங்களில் பாடத்தோடு நிற்காமல் நாடகமும் நடத்தினார்கள். 2019 ஜனவரியில் இண்டியானா மாநிலத்தின் மொன்டிசெல்லோவில் ஆசிரியர்களைச் சுவரோரம் மண்டியிடவைத்து முதுகில் பிளாஸ்டிக் குண்டுகளால் சுட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். காயத்தோடு அலறினார்கள் அந்த ஆசிரியைகள். இதை ஆதரிப்போரின் வாதத்தைக் கேலியாகத் தள்ளிவிடக் கூடாது: பதறிய உடம்பு யோசிக்காது, பழகியதை மட்டுமே செய்யும், ஆகவே பதற்றத்திலேயே பழக்க வேண்டும் என்கிறார்கள். முதற்பாதி உண்மை. ஆனால் மண்சரிவு ஒத்திகைக்காக எவரும் மலையை உடைப்பதில்லை. மணி அடித்ததும் எந்தப் பாதையால் எந்தத் திடலுக்குப் போவது என்பதைப் பழக்கினால் போதுமானதாக இருக்கிறது. துப்பாக்கிக்கு மட்டும் பயத்தையும் சேர்த்து ஊட்டுவானேன்? பெரியவர் ஒருவர் சம்மதித்து அதற்கு உட்படலாம். ஏழு வயதுப் பிள்ளையின் சம்மதத்துக்கு என்ன பொருள்? என்றோ நடக்கக்கூடிய ஒன்றுக்காக இன்றே நிச்சயமாக ஒரு காயத்தை உண்டாக்குவது, அது பலன் தந்தாலும்கூட, தவறுதான்.

நமக்கு நெருக்கமான பாடம் ஜப்பானில் இருக்கிறது. அங்கும் மாணவன் துப்பாக்கியோடு வரும் வழக்கம் இல்லை. 2001 ஜூன் 8 இல் ஒசாக்கா அருகே இக்கேதா ஆரம்பப் பாடசாலைக்குள் சமையல் கத்தியோடு நுழைந்த ஒருவன் எட்டுப் பிள்ளைகளைக் கொன்றான். அவன் திறந்திருந்த வாயிலால் வந்தான். எதிரே பார்த்த ஆசிரியர் அவனை யாரோ பெற்றோர் என்று எண்ணித் தலையசைத்துவிட்டுப் போனார். அந்தத் தலையசைப்பைத்தான் ஜப்பானியர் பிறகு திருத்தினார்கள். வருபவரை நிறுத்திப் பெயர் கேட்பது, வாயிலைப் பூட்டுவது, ஆளை எட்ட நிறுத்தும் கவட்டைக் கோலை ஆசிரியர்கள் பிடித்துப் பழகுவது என்று வேலையின் பெரும்பங்கு பெரியவர்களுடையதாயிற்று. பிள்ளைகளுக்கும் ஒத்திகை உண்டு. அதில் அவர்கள் பங்கு சிறியது, ஆசிரியர் சொன்னபடி உள்ளே இருப்பது.

இதை மாத்தளைக்குக் கொண்டுவரும்போது முதலில் இடறுவது கட்டடம். 'கதவைப் பூட்டி உள்ளே இருங்கள்' என்று சுற்றறிக்கை எழுதுவது எளிது. அரைச்சுவரும் கம்பி வலையுமாக நிற்கும் வகுப்பறைகள் எத்தனை! ஒரே நீள மண்டபத்தில் கரும்பலகையையே தடுப்பாக வைத்து மூன்று நான்கு வகுப்புகள் நடக்கும் தோட்டப் பாடசாலையில் எந்தக் கதவைப் பூட்டுவது? எழுபதுகளில் இந்தப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கி அரை நூற்றாண்டு ஆகிறது. பூட்டக் கதவே இல்லாத பிள்ளைக்கு ஒளியக் கற்பிப்பது, தன் கடமையை அரசு பிள்ளையின் சாமர்த்தியத்திடம் கடன் வைப்பதாகும்.

அடுத்தது மணி. மண்சரிவு வந்தால் வெளியே ஓட வேண்டும், ஆயுததாரி வந்தால் உள்ளே இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே மணியை அடித்தால் பயிற்சியே ஆளைக் கொல்லும். நல்ல வேளையாக, உள்ளே ஒதுங்குவது தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. குளவி கலைந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். சிறுவருக்கு இதே பழக்கத்தை வேறொரு மணியோடு இணைத்தால் போதும். அது பிள்ளையை ஏமாற்றுவது ஆகாதா என்று கேட்கலாம். 'வெளியே ஆபத்து, டீச்சர் சொல்லும்வரை உள்ளே இரு' என்பதில் பொய் ஏதும் இல்லை. ஆபத்தின் முகத்தை வரைந்து காட்டாமல் விடுவது வேறு, பொய் சொல்வது வேறு. உயர்தர மாணவர் கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர்களிடம் மூடி மறைத்தால் வதந்திதான் பாடம் நடத்தும்.

ஆசிரியரிடம் எவ்வளவு கேட்கலாம்? பாகிஸ்தானின் பெஷாவரில் பாடசாலையொன்றில் 2014 டிசம்பர் 16 இல் 130க்கும் மேற்பட்ட பிள்ளைகள் கொல்லப்பட்ட பிறகு, கைபர் பக்துன்க்வா மாகாண அரசு ஆசிரியர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தது. அடுத்த ஆண்டே சுவாத்தில் ஓர் ஆசிரியரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்து மாணவன் ஒருவன் இறந்தான். உயிரைக் கொடுத்துப் பிள்ளைகளைக் காத்த ஆசிரியர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள், அவர்களை வணங்கலாம். அந்தத் தியாகத்தை வேலை நிபந்தனையாக மாற்றுவதுதான் கூடாது. எண்ணிக்கை எடுப்பது, கதவை அடைப்பது, 119க்கு அழைப்பது, பிள்ளைகளை அமைதிப்படுத்துவது, இவ்வளவையும் தவறாமல் செய்யும் ஆசிரியர் தன் கடனைச் செய்தவர்தான்.

2019 இல் சறுக்கிய இடம் இன்னொன்று உண்டு. எச்சரிக்கை சில நாட்களிலேயே ஆள் பார்க்கும் வேலையாகிவிட்டது. அவிசாவளைக்கு அருகே ஒரு தமிழ்ப் பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயாவோடு உள்ளே வரக் கூடாது என்று பெற்றோர் மறித்து நின்றதில், அவர்கள் இடமாற்றம் பெற்றுப் போக வேண்டியதாயிற்று. தமிழ்ப் பிள்ளைக்கு முஸ்லிம் டீச்சர் கணிதம் சொல்லித்தரும் மாத்தளை போன்ற மாவட்டத்தில் இந்த வழியில் போனால் பாதுகாப்பும் மிஞ்சாது, பாடமும் மிஞ்சாது. வாசலில் எல்லோரையும் ஒரே மாதிரி நிறுத்திக் கேட்க முடியாவிட்டால் எவரையும் கேட்காதிருப்பதே மேல். காவலுக்குப் பெற்றோரை முறை வைத்து நிறுத்துவதிலும் அநீதி இருக்கிறது. அந்த ஆண்டு தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. மாதச் சம்பளக்காரர் ஒரு நாள் லீவு போட்டு நிற்கலாம். கொழுந்து எடுக்கும் தாய் நின்றால் அன்றைய கூலி போய்விடும்.

அமெரிக்காவில் டெக்சாஸின் உவால்டியில் உள்ள பாடசாலையில் திட்டமும் இருந்தது, பயிற்சியும் நடந்திருந்தது. 2022 மே 24 இல் 19 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டபோது, பொலிஸார் தாழ்வாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்து நின்றார்கள். கோப்பில் கிடக்கும் திட்டத்தின் மதிப்பு அவ்வளவுதான். மத்திய மாகாணக் கல்வித் திணைக்களம் ஒத்திகைக்கு நாள் குறிக்கும் முன்பு மாத்தளை, கலேவெல, நாவுல, வில்கமுவ ஆகிய நான்கு வலயங்களிலும் உள்ளிருந்து பூட்டக்கூடிய வகுப்பறைகள் எத்தனை என்று எண்ணி வெளியிடட்டும். அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கும் பொறுப்பு பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களுடையது. அடுத்த கூட்டத்திலேயே கேளுங்கள்.