ஹென்றி கிரைம்ஸ் எங்கே போனார்?

அபாரமான திறமை உள்ள ஒருவர் முப்பது வருஷத்துக்கு மேல் அதைத் தொடாமலே இருந்துவிடுகிறார். அவர் உலகத்துக்குக் கடன்பட்டவரா? ஜாஸ் டபுள் பாஸ் கலைஞர் ஹென்றி கிரைம்ஸை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வந்து நிற்கிறது.

1935இல் பிலடெல்பியாவில் பிறந்து, நியூயார்க்கின் ஜூலியார்ட் பள்ளியில் இசை படித்தவர். 1958 நியூபோர்ட் ஜாஸ் விழாவில் பென்னி குட்மேன், சோனி ராலின்ஸ், தெலோனியஸ் மங்க் என்று ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத பாணிக்காரர்கள் பலருக்கும் வாசித்தார். அப்போது வயது 22. டபுள் பாஸ் ஆளைவிட உயரமான வாத்தியம். ஆனாலும் கூட்டிசையில் பெரும்பாலும் தனியாகக் காதில் விழாது. நின்றுபோனால்தான் காலடியில் தரை இல்லை என்று தெரியும். 1960களில் செசில் டெய்லர், ஆல்பர்ட் அய்லர் முதலானோர் சீரான தாளத்தையே கைவிட்டபோது அந்தத் தரையும் ஆட்டம் கண்டது. கிரைம்ஸ் அங்கேயும் நின்று வாசித்தார். தன் பெயரில் ‘தி கால்’ என்று ஓர் இசைத்தட்டும் வெளியிட்டார்.

அறுபதுகளின் கடைசியில் கலிபோர்னியாவுக்குப் போனார். காரின் கூரையில் கட்டிக்கொண்டு போன பாஸ் பாலைவன வெயிலில் விரிசல் கண்டது. பழுதுபார்க்கக் கையில் காசில்லை. கடைசியில் அதை விற்றுவிட்டார். லாஸ் ஏஞ்சலிஸில் துப்புரவு வேலை, கட்டட வேலை என்று கிடைத்ததைச் செய்து ஒற்றை அறையில் வாழ்ந்தார். நோட்டுகளில் கவிதை எழுதிக்கொண்டிருந்தார். ஜாஸ் உலகில் பலரும் அவர் செத்துப்போனதாகவே நினைத்தார்கள்.

திறமை உலகத்தின் சொத்து, அதை வீணாக்க ஒருவனுக்கு உரிமை இல்லை என்பார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்படியானால் பழுதுபார்க்கும் செலவும் உலகத்தினுடையதுதானே? பாஸ் உடைந்தபோது மட்டும் அது கிரைம்ஸின் சொந்தப் பிரச்சினை ஆகிவிட்டது. வாசித்தால் நம் சொத்து, உடைந்தால் அவன் பாடு என்பது எந்த ஊர் நியாயம்?

இதற்கு நேரெதிராக, அந்த மௌனத்தைத் துறவு என்று கொண்டாடுகிறவர்களும் உண்டு. அதையும் என்னால் ஏற்க முடியவில்லை. துறவி வேண்டாமென்று விடுகிறான். இவரிடம் வாத்தியம் இல்லை, அவ்வளவுதான். வறுமைக்குக் காவி கட்டிப் பார்ப்பது நமக்கு வசதி, அவருக்கு அதில் ஒன்றுமில்லை.

‘மறைந்துபோனார்’ என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. அவருக்கு ஒரு விலாசம் இருந்தது, காலையில் வேலைக்குப் போனார், அறைக்குத் திரும்பினார். அவர் எங்கும் மறையவில்லை. நாம் பார்க்கிற இடத்தில் இல்லை. 2002இல் சமூகப் பணியாளரான ஒரு ஜாஸ் ரசிகர் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார். ஆல்பர்ட் அய்லர் 1970லேயே இறந்துவிட்டது கிரைம்ஸுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆக, இங்கிருந்து பார்த்தால் அவர் காணாமல்போனவர். அங்கிருந்து பார்த்தால் நாம்தான்.

செய்தி பரவியபோது நியூயார்க்கிலிருந்து வில்லியம் பார்க்கர் ஒரு பாஸை அனுப்பிவைத்தார். அவரும் பாஸ் வாசிப்பவர். என்ன குறை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பச்சை நிறமான அந்த பாஸுக்கு ‘ஆலிவ் ஆயில்’ என்று பெயர். அடுத்த வருஷம் மே மாதமே நியூயார்க்கின் விஷன் விழா மேடையில் கிரைம்ஸ் வாசித்தார். பிறகு வயலினையும் எடுத்துக்கொண்டார். பல நாடுகளுக்குப் போய் வாசித்தார். 2020 ஏப்ரலில் கோவிட் அவரைக் கொண்டுபோகும்போது வயது 84.

கடனைப் பற்றிய கேள்விக்கு நான் வந்து சேரும் பதில் எளிமையானது. கிரைம்ஸ் யாருக்கும் கடன்பட்டவரில்லை. இவ்வளவு வருஷமும் அவருக்கும் இசைக்கும் நடுவே நின்றது ஒரு வாத்தியம்தான். அது கைக்கு வந்தது, வாசித்தார். முப்பது வருஷம் முன்பே யாராவது விசாரித்திருந்தால் அப்போதும் வாசித்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.