நடுக்கத்தினுள் நிற்கும் அறிவு

கை ஏவலின்றித் துடிக்கின்றது; வாய் ஒருபுறம் இழுபடுகின்றது; பேச முயன்றாலும் சொல் எழவில்லை. இவ்வளவும் நிகழும்போது அவற்றை அறிந்துகொண்டே ஒருவன் உள்ளிருக்கின்றான். வலிப்பு என்றவுடன் உணர்விழந்து வீழ்தலையே நாம் நினைக்கின்றோம். அறிவு மறையாத வலிப்பும் உண்டு. அதனை உற்றவனை எங்ஙனம் மதித்தல் வேண்டும் என்பது, பிள்ளைகளைப் பேணும் சைவாசிரியர்கள் ஆராயத்தக்க தரும விசாரணையாகும்.

மூளையின் நரம்பணுக்களில் மின்னோட்டம் ஒழுங்கு தவறி எழுதலே வலிப்பாம். அஃது ஒரு பகுதியளவில் அடங்கின் அறிவு நிலைத்தல் கூடும். இருபுறமும் பரவின் அறிவு மறையும். பெருவிரலிலே தொடங்கும் துடிப்பு கை, முகம் என முறையாகப் பரவுதலை ஆங்கில வைத்தியராகிய ஹியூலிங்ஸ் ஜாக்சன் (1835-1911) ஆராய்ந்து விளக்கினார். சிலர்க்குத் துடிப்பின்றியே இல்லாத நாற்றம் தோன்றும். வயிற்றினின்று ஏதோ மேலெழுவதுபோல் இருக்கும். காரணமற்ற அச்சம் பற்றும். புதிய இடம் முன் கண்டதுபோல் தோன்றும். நம் துறைமுகத்திலே சுக்கான் பழுதுற்ற தோணியில் நிற்கும் தண்டையலுக்குக் கரையும் தெரியும், பாறையும் தெரியும். தோணியோ அவன் கைக்கு அடங்காது. அவன் நிலை அத்தகையது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் விளங்கிய மெய்கண்டதேவர், சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரத்தில், "எனது உடல்" என்று ஒருவன் கூறுதலையே உடலின் வேறாய் உயிருண்டு என்பதற்கு ஓர் ஏதுவாகக் காட்டினார். "என் கை ஆடுகின்றது, நான் ஆட்டவில்லை" என்னும் நோயாளியின் சொல் அவ்வேதுவை நம் கண்முன் நிறுத்துகின்றது. உயிருக்கு இச்சை, ஞானம், கிரியை என மூன்று சத்திகள் உள. இங்கே ஞானமும் இச்சையும் நிற்க, கிரியை மாத்திரம் தடைப்படுகின்றது.

"மூளையின் ஒரு பாகம் பழுதுற மற்றைப் பாகம் அறிகின்றது, உயிர் எதற்கு?" என வினவுவாரும் உளர். கனடா நாட்டு வைத்தியர் வைல்டர் பென்பீல்டு (1891-1976), நோயாளர் விழித்திருக்க மூளையை மின்னால் தீண்டியபோது கை அசைந்தது. அசைத்தது தாமல்லர் என்றே அவர்கள் உரைத்தனர். மனத்தை மூளையொன்றால் முற்றும் விளக்கலாகாது என 1975இல் வெளிவந்த தம் நூலிலே அவர் கருத்துரைத்தார்; அத்துறையினர் பலர் அதற்கு உடன்படார். ஆதலின் இந்நோயொன்றால் அவ்வழக்குத் தீர்ந்தது என்று நாம் கூறுதல் முறையன்று. கருவி கூடியவழி உயிர் அறியும், நீங்கியவழி அறியாது என்பதே நம் சித்தாந்தமாதலின், முற்றும் உணர்விழக்கும் வலிப்பாலும் அதற்கு இழுக்கில்லை.

ஆயின் ஒன்று இங்கே ஐயமின்றித் தெளிவாகின்றது. அறிதல் வேறு; தன்வசமாதல் வேறு. "நடந்ததெல்லாம் சொல்கின்றாயே, அப்படியானால் நடிப்புத்தானே?" என்று ஒரு பிள்ளையைக் கடிந்து பிரம்பெடுத்தல் இவ்வேறுபாட்டை அறியாமையால் விளையும் அநீதி. அப்பிள்ளை மறுமொழி கூற இயலாமல் நாம் கூறுவதனைத்தையும் கேட்டுக்கொண்டிருத்தலும் கூடும். "பேய்" என்றும் "பழவினை" என்றும் அருகே நின்று சொல்லுஞ் சொல், நோய் நீங்கிய பின்னும் நீங்காது.

நம்மவர் இந்நோயை முயலகன் என வழங்கினர். கூத்தப்பிரான் திருவடிக்கீழ்க் கிடக்கும் முயலகனோ ஆணவமலத்தின் குறி. பெயரொற்றுமை கொண்டு நோயாளரை மலமிகுந்தோர் என எண்ணற்க. ஆணவம் பார்ப்பவர்க்கும் உண்டு. திருக்கோணமலையைப் பாடியருளிய திருஞானசம்பந்த சுவாமிகள், திருப்பாச்சிலாச்சிராமத்திலே கொல்லிமழவன் மகள் முயலகனால் உணர்விழந்து கிடக்கக் கண்டார். அவள் செய்த பாவம் யாது என அவர் ஆராய்ந்திலர். இவளை வருத்துதல் உமக்குத் தகுமோ என இறைவனையே வினவிப் பாடினார். கிறித்தவ வேதத்திலும் மாற்கு எழுதிய சுவிசேடம் வலிப்புற்ற மகனைத் தந்தையொருவன் கொணர்ந்தமை கூறும். இரண்டிடத்தும் நோயுற்ற பிள்ளைக்குக் கிடைத்தது பழியன்று, இரக்கமே.

ஆதலின் ஆசிரியர் செயற்பாலன இவை. அறிவோடிருக்கும் பிள்ளையின் அருகிருந்து, "நான் இருக்கின்றேன், இது ஒழியும்" என மெல்லச் சொல்லுக. உணர்விழப்பின் ஒருபுறமாகக் கிடத்தித் தலைக்கு மெத்தென்றதொன்று வைக்க, அழுத்திப் பிடியற்க, வாயில் ஒன்றும் இடற்க, இரும்புச் சாவி கொடுத்தலாற் பயனில்லை. 5 நிமிடம் கடப்பின் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. தக்க மருந்தை முறையே உண்பின் பத்தில் ஏழுபேர் வரையில் வலிப்பின்றி வாழ்தல் கூடும் என்பர். கடல் சூழ்ந்த நம் ஊரிலே அத்தகைய பிள்ளை தனியே நீராடலாகாது என்பதைப் பெற்றோர்க்கு உணர்த்துக. கோயிலில் அருச்சனை செய்விப்போர் செய்விக்க, மருந்தை நிறுத்தற்க.

உடல் நடுங்கும்போது உள்ளே நடுங்காது நோக்கியிருக்கும் உயிரைச் சிவனது உடைமையென மதித்தலே சைவம்.