கடன் நோட்டும் முதல் ஸஃப்பும்



சென்ற மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பின் சுன்னத்தை முடித்துக்கொண்டு எழுந்தபோது, எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தூணோரமாக எனக்காகக் காத்திருந்தார். கல்லூரியில் படித்தவர். அவருடைய தகப்பனார் பள்ளிவாசல் தெருவிலேயே மளிகைக் கடை வைத்திருப்பவர்.

"ஹஜ்ரத், ஒன்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?"

"கேளுங்கள் தம்பி" என்றேன்.

"அத்தாவின் கடன் நோட்டை இரண்டு நாளாக உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். அதில் தொழுகிறவர் பெயரும் இருக்கிறது. தொழாதவர் பெயரும் இருக்கிறது. மாற்று மதத்தார் பெயரும் இருக்கிறது. சொன்ன தவணையில் கொடுத்தவர் யார், இழுத்தடித்தவர் யார் என்று பார்த்தால் மூன்று தரப்பிலும் இரண்டும் கலந்துதான் கிடக்கிறது. ஈமான் மனிதனை நல்லவனாக்கும் என்று நீங்கள் மிம்பரில் சொல்கிறீர்கள். அப்படியானால் நோட்டில் அது தெரிய வேண்டாமா?"

என்னிடம் பதில் தயாராகவே இருந்தது. தொழுகை மானக்கேடான செயல்களை விட்டும் தடுக்கும் என்று 29ஆவது அத்தியாயத்தின் 45ஆவது வசனம் கூறுவதை நினைவூட்டி, "தடுக்கவில்லையென்றால் அவர் தொழ வேண்டிய முறைப்படி தொழவில்லை என்று பொருள்" என்றேன். ஓதிக்கொடுத்த உஸ்தாதுகள் எங்களுக்குச் சொன்ன பதில் அதுதான். அது தவறான பதிலும் அல்ல.

தம்பி சற்று யோசித்தார். "ஹஜ்ரத், குணமானவனை மட்டும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவன் என்று எண்ணிக்கொண்டு, குணமாகாதவனையெல்லாம் கணக்கிலிருந்து தள்ளிவிட்டால், உலகத்தில் எந்த மருந்துதான் பலிக்காது?"

வாயடைத்து நின்றேன். அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அவர் அதோடு விட்டிருந்தால் நானும் இரண்டொரு நாளில் மறந்திருப்பேன். படியிறங்கும்போது திரும்பி, "அக்காவின் நிகாஹை நீங்கள்தான் ஓதினீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதைப்பற்றிப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் நம்மில் சிலர் 'படித்த பிள்ளைகள் வழிதவறுகிறார்கள்' என்று தொடங்கிவிடுவார்கள். ஆனால் திருக்குர்ஆன் இந்த உண்மையை மறைக்கவேயில்லையே! ஏழே வசனங்கள் கொண்ட 'அல்மாஊன்' அத்தியாயம் யாருக்குக் கேடு என்று எச்சரிக்கிறது? தொழாதவனுக்கா? அங்கே பேசப்படுபவர்கள் தொழுகையாளிகள். அநாதையை விரட்டுவதும் அற்பப் பொருளை அண்டை வீட்டுக்குக் கொடுக்க மறுப்பதும் அதே அத்தியாயத்தில்தான் வருகின்றன. நாங்கள் ஈமான் கொண்டோம் என்று வந்து நின்ற கிராமத்து அரபிகளிடம், ஈமான் இன்னும் உங்கள் உள்ளங்களில் நுழையவில்லை, வழிப்பட்டோம் என்று வேண்டுமானால் சொல்லுங்கள் என்று கூறிவிடுமாறு 'அல்ஹுஜுராத்' அத்தியாயம் நபியவர்களுக்குக் கட்டளையிடுகிறது. எனவே தம்பியின் நோட்டு புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள். ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களின் தலைக்கு 100 ஒட்டகங்கள் பரிசு என்று குறைஷிகள் அறிவித்திருந்தார்கள். அந்த இரவுகளில் வழிகாட்டியாக அமர்த்தப்பட்டவர் யார்? அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்பவர், அப்போது இணைவைப்பாளர். அவரிடம் இரண்டு ஒட்டகங்களை ஒப்படைத்து, மூன்று இரவுகள் கழித்து தவ்ர் குகைக்கு வரச் சொன்னார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் 100 ஒட்டகங்கள் அவருடையவை. அவர் சொல்லவில்லை, குறித்தபடி வந்து சேர்ந்தார். தாயிஃபிலிருந்து திரும்பிய நாயகத்திற்கு மக்காவில் அடைக்கலம் தந்த முத்இம் இப்னு அதீயும் ஈமான் கொள்ளாதவரே. அவர் உயிரோடிருந்து கேட்டிருந்தால் பத்ருக் கைதிகளை அவருக்காகவே விட்டிருப்பேன் என்று பெருமானார் பின்னர் கூறினார்கள். பிறரிடமுள்ள நற்குணத்தை நற்குணம் என்று சொல்ல அண்ணலார் தயங்கியதேயில்லை. நமக்குத்தான் தயக்கம்.

இன்னொருவர் இருக்கிறார். அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன். மக்காவில் பெரும் கொடையாளி, பசித்தவருக்கு உணவளித்தவர், உறவைப் பேணியவர். ஜபீத் ஊர் வியாபாரி ஒருவரிடம் சரக்கை வாங்கிக்கொண்டு மக்காப் பிரமுகர் விலை தர மறுத்தபோது, அநீதியிழைக்கப்பட்டவர் பக்கம் நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்களே, 'ஹில்ஃபுல் ஃபுளூல்', அது நடந்ததே அவருடைய வீட்டில்தான். நுபுவ்வத்துக்கு முன் அதில் கலந்துகொண்ட நபியவர்கள், இஸ்லாம் வந்த பின்னும் அதுபோன்ற ஒன்றுக்கு அழைத்தால் இசைவேன் என்றார்கள். அந்த மனிதரைப் பற்றி ஆயிஷா நாயகி (ரலி) கேட்டார்கள்: அவர் செய்த நன்மைகள் அவருக்குப் பயன் தருமா? கேட்டவரும் அவரும் ஒரே தைம் கிளையினர். உறவுக்காரரைப் பற்றிய கவலை அந்தக் கேள்வியில் இருந்திருக்கும் என்று எண்ணுகிறேன். பயன் தராது என்றே நாயகம் (ஸல்) பதிலளித்தார்கள். காரணமும் சொன்னார்கள்: மறுமை நாளில் என் பிழையை மன்னித்துவிடு என்று ஒரு நாளும் அவர் தம் இறைவனிடம் கேட்டதில்லை. முஸ்லிம் ஷரீஃபில் இது இருக்கிறது.

மதரஸாவில் இந்த ஹதீஸை ஓதியபோது எனக்குச் சற்றுக் கடினமாகவே இருந்தது. தம்பியின் கேள்விக்குப் பிறகு இரவில் மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அவர் கொடுத்த உணவு உணவல்ல என்று அதில் சொல்லப்படவில்லை. பசித்தவர் வயிறு நிறைந்தது உண்மைதான். அவரிடம் இல்லாதிருந்தது 'நான் தவறு செய்தேன்' என்று சொல்லும் நாவு. ஈமான் தரும் முதல் பொருள் அதுதானோ என்று எனக்குத் தோன்றியது. பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் மேல் என்று காட்டுவதற்கு ஈமான் வரவில்லை. என் சாக்குப்போக்குகளைப் பறித்துக்கொள்ள வருகிறது. மனிதர்கள் தங்கம், வெள்ளிச் சுரங்கங்களைப் போன்றவர்கள் என்று ஹதீஸில் வருகிறது. அறியாமைக் காலத்தில் சிறந்தவர்கள் விளக்கம் பெற்றால் இஸ்லாத்திலும் சிறந்தவர்கள் என்று. அப்படியானால் ஒருவரை அடுத்தவரோடு ஒப்பிடும் கணக்கு கடன் நோட்டில் வரும். அதே மனிதர் ஈமான் இல்லாமல் எப்படி இருந்திருப்பார் என்ற கணக்கு அதில் வராது. அது அல்லாஹ்விடம் இருக்கிறது.

இதையும் சாக்காக்கிக்கொள்ள முடியும் என்பது எனக்குத் தெரிகிறது. வணக்கமே சிலருக்குக் கேடயமாகிவிடுகிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் ஏமாற்றத்தைப் பற்றித் தனியாக ஒரு பாகமே எழுதியிருக்கிறார்கள். பிஷ்ருல் ஹாஃபீ (ரஹ்) அவர்களிடம் ஒருவர் 2,000 திர்ஹங்களோடு ஹஜ்ஜுக்கு விடைபெற வந்த நிகழ்ச்சி அதில் வருகிறது. அந்தப் பணத்தைக் கடனாளிக்கும் ஏழைக்கும் அநாதையை வளர்ப்பவருக்கும் கொடுத்துவிடேன் என்றார்கள் பிஷ்ர். பிரயாணத்தில்தான் மனம் நாடுகிறது என்றார் வந்தவர். சிரித்தார்கள். உமர் (ரலி) அவர்களும் ஒருவரை நல்லவர் என்று சான்று சொன்னவரிடம், அவரோடு பிரயாணம் செய்தாயா, பணம் கொடுக்கல் வாங்கல் வைத்தாயா, அண்டை வீட்டில் வசித்தாயா என்றுதான் விசாரித்தார்கள். பள்ளியில் குனிந்து நிமிர்வதைக் கண்டதை அவர்கள் சான்றாக ஏற்கவில்லை.

இப்போது அந்த நிகாஹுக்கு வருகிறேன். மாப்பிள்ளையின் தகப்பனார் எங்கள் பள்ளியில் முதல் ஸஃப் தவறாதவர். கைக்கூலியாக ரொக்கமும், அதுபோக நகையும் பேசப்பட்டது எனக்கு முன்பே தெரியும். பெண்ணுக்கு ஆண் மஹர் கொடுக்க வேண்டும் என்ற வசனத்தை அறிந்த நான், பதிவேட்டில் மஹர் தொகையை மட்டும் எழுதி, குத்பா ஓதி, துஆச் செய்து, விருந்தும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அந்த மளிகைக் கடை கடனில் விழுந்தது அதற்குப் பிறகுதான். தம்பி நோட்டைக் கூட்டிப் பார்த்ததன் காரணமும் அதுவே. வரவேண்டிய கடன் வந்தால் கடையை மீட்கலாமா என்று பார்த்திருக்கிறார். அன்று என் ஈமான் எங்கே போயிற்று? ஜமாஅத் என்ன நினைக்குமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இதற்கு மேல் விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அஸருக்குப் பிறகு கடைக்குப் போனேன். என் பெயர் நோட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டேன். பெரியவர் பதறிவிட்டார். "ஹஜ்ரத் வீட்டுக் கணக்கையெல்லாம் நாங்கள் எழுதுவதில்லை" என்று நோட்டை மூடினார். தம்பி பேசாமல் அதை வாங்கித் திறந்து காட்டினார். நான்கு மாதத்து அரிசியும் எண்ணெயும் இருந்தன. கையிலிருந்ததைக் கொடுத்தேன்; பாதிக்கு வரவில்லை.

ஷவ்வாலில் எங்கள் மஹல்லாவில் இரண்டு நிகாஹ்கள் பேசியிருக்கிறார்கள். கைக்கூலி வாங்கும் நிகாஹுக்கு நான் குத்பா ஓதப்போவதில்லை என்று முத்தவல்லியிடம் சொல்லிவிட்டேன். "பெருநாள் கழியட்டும் ஹஜ்ரத், உட்கார்ந்து பேசுவோம்" என்றார். நான் குடியிருக்கும் வீடு ஜமாஅத்துக்குச் சொந்தமானது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்காக துஆச் செய்யுங்கள்.